ஐந்து பேர் பார்த்த பக்கம்

ஒரு மனிதரின் நல்ல பெயருக்கு அந்த ஏணிக் கம்பெனியில் விலை ஒரு தட்டு. மவுஸை ஆள்காட்டி விரலால் ஒரே ஒரு தட்டு. ‘ஒப்புதல்’ என்று பச்சையாக ஒரு கட்டம் மினுக்கும். தட்டியவர் பெயர், தட்டிய நேரத்தோடு போய்ப் பக்கத்தின் அடியில் ஒட்டிக்கொள்ளும். பேரம் கிடையாது. கொடுத்த பெயரைத் திரும்ப வாங்குவதும் கிடையாது.

கம்பெனி விற்பது வீட்டுக்கு வேண்டிய அலுமினிய ஏணிகள். கீழே காட்சிக்கூடம், அதன் பின்னால் சரக்கறை, மாடியில் அலுவலகம். ஒவ்வொரு ஏணிக்கும் இணையதளத்தில் ஒரு பக்கம் உண்டு: எத்தனை படி, எவ்வளவு எடை தாங்கும், எப்படி விரிப்பது, எப்படி மடிப்பது. அந்தப் பக்கம் வெளியுலகத்தைப் பார்ப்பதற்குள் ஐந்து பேர் கையைத் தாண்ட வேண்டும். முதலில் எழுதுவது, வீட்டிலிருந்தே அனுப்பும் ஒரு பெண். அவள் முகத்தை ஆபீஸில் யாரும் பார்த்ததில்லை. அவள் எழுதியதைத் திருத்துவது சல்லடை. அளவுகளைச் சரிபார்ப்பது என்ஜினியர். வம்பு வழக்கு வராமல் பார்ப்பது வக்கீலம்மா. கடைசியில் வெளியிடுவது பொத்தான்.

சல்லடையும் பொத்தானும் பெற்றவர்கள் வைத்த பெயர்கள் அல்ல. எதையும் நாலு முறை சலிக்காமல் விடமாட்டாள் என்பதால் அவள் சல்லடை. ‘வெளியிடு’ என்ற பொத்தானை அழுத்துவதைத் தவிர வேறு வேலை இல்லை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டதால் அவன் பொத்தான். வீட்டில் அவன் அவளுக்குக் கொழுந்தன், கணவரின் உடன்பிறந்த தம்பி. அந்த நாற்காலியை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததே அவள்தான். அதனால் அவன் தும்மினாலும் ஆபீஸில் அவளைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

முதலாளி ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒரு பக்கத்தில் பிழை என்று அடுத்த படியில் இருப்பவர் திருப்பி அனுப்பினால், அதற்கு முன் ஒப்புதல் கொடுத்த அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு சிவப்புப் புள்ளி. பிழையோடு வெளியே போய்விட்டால் ஐந்து பேருக்கும் புள்ளி. மூன்று புள்ளி சேர்ந்தால் மேஜையைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டியதுதான். எழுதியவர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்று வைத்த சட்டம். நடந்தது என்னவோ வேறு. பக்கத்தைத் திருப்பி அனுப்புகிறவன் ஆபீஸுக்கே எதிரி என்று ஆகிவிட்டது. எல்லாரும் எல்லாருக்கும் ஒப்புதல் கொடுத்துக்கொண்டு, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கும்படி வாழ்ந்தார்கள்.

சல்லடையின் பெயருக்கு எதிரே இரண்டு புள்ளிகள் இருந்தன. இன்னும் ஒன்று விழுந்தால் கதை முடிந்தது. கணவர் வீடு வீடாகப் போய் விளக்கும் விசிறியும் மாட்டும் மின் வேலைக்காரர்; வேலை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மாதம் தவறாமல் வீட்டுக்குள் வருவது அவள் சம்பளமும் கொழுந்தன் சம்பளமும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவர் கூடத்து விசிறியைக் கழற்ற ஏணியை விரித்தார். அவள் கம்பெனியின் மடிப்பு ஏணிதான். எந்தச் சாமானையும் படித்துப் பார்க்காமல் தொடாத மனிதர் அவர். போனில் கம்பெனிப் பக்கத்தைத் திறந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உரக்கப் படித்தார்.

“ ‘ஏறுவதற்கு முன் பூட்டுக் கொக்கிகள் இரண்டும், இடப்பக்கமும் வலப்பக்கமும், முழுதாக விழுந்தனவா என்று கையால் அழுத்திப் பாருங்கள்.’ இடப்பக்கம் விழுந்திருக்கு. வலப்பக்கம்... அட, இது தொங்கிட்டு நிக்குது.” ஒரு குத்து விட்டார். டக்கென்று விழுந்தது. ஏறிவிட்டார்.

அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. “என்ன படிச்சீங்க? திரும்பப் படிங்க.”

“மேல நிக்கிறேன்டி.”

“மேலேயே நின்னு படிங்க.”

அவர் படித்தார். அவளுக்கு மூக்கில் வேர்த்தது. ‘பூட்டு விழுந்ததா என்று பாருங்கள்’: அவள் ஒப்புதல் கொடுத்த வாக்கியம் அவ்வளவுதான். இடம், வலம், இரண்டும், கையால் அழுத்தி, இவையெல்லாம் வெட்டி ஆபரணம் என்று அவளே நறுக்கியிருந்தாள். நறுக்கியதை யாரோ பொறுக்கி எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

“நான் அப்படி விடலையே.”

“யார் விட்டா என்ன, நல்லாத்தானே இருக்கு? அந்த ஸ்க்ரூ டிரைவரை எடு.”

அவள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கொடுத்தாள். மனசை எடுத்துக் கொடுக்கவில்லை. அவள் பிறந்த வீடு துணிக்கடை. மூட்டை பிரித்தால் ஒவ்வொரு சுருளையும் முழம் போட்டுப் பார்த்த பிறகே அலமாரிக்கு ஏற்றுவார் அப்பா. அனுப்பியவன் சொந்த மைத்துனனாக இருந்தாலும் சரி. அனுப்பியது ஒன்று, வந்து சேர்ந்தது ஒன்று என்றால் வழியில் ஒரு கை புகுந்திருக்கிறது. அந்தக் கை எது?

திங்கட்கிழமை ஆபீஸில் முதல் வேலையாக அந்தப் பக்கத்தின் அடியைப் பார்த்தாள். ஐந்து பெயர்களும் சமர்த்தாக வரிசையில் இருந்தன. அவளுக்குப் பிறகு யாரும் எதையும் மாற்றியதாகப் பதிவே இல்லை. உள்ளே இருக்கும் பக்கத்தில் அவள் வாக்கியம், வெளியே இருக்கும் பக்கத்தில் வேறு வாக்கியம். இது எப்படி நடக்கும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.  ஒப்புதல் கொடுக்கும் இடமும் இணையதளமும் வெவ்வேறு. இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஒரே பாலம் பொத்தானின் கைதான். இங்கே நகல் எடுப்பான், அங்கே ஒட்டுவான், அழுத்துவான்.

ஆனாலும் சொந்தக் கொழுந்தனை ஒரே வாக்கியத்துக்காகக் கூண்டில் ஏற்ற முடியுமா? இருபது பக்கங்களை அச்செடுத்து, உள்ளே இருப்பதையும் வெளியே இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஸ்கேலைக் கீழே கீழே நகர்த்தி வரி வரியாகப் பார்த்தாள். பதினொன்றில் மாற்றம். எதிலும் சில சொற்களோ ஒரு எண்ணோதான். திருடன் அலமாரியைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. அறைக்கு அறை ஒரு கரண்டி எடுத்திருக்கிறான்.

மாறியது சரியா தப்பா என்று அவள் பார்க்கவில்லை. அந்த மாடியில் யாருக்குமே அந்த எண்ணம் வராது. ஐந்து பேர் பெயர் ஒட்டியது சரி, ஒட்டாதது தப்பு. ஏணிகள் கீழே சரக்கறையில் இருந்தன. மாடிப்படி பதினெட்டு. அவற்றில் இறங்கி ஒரு ஏணியைத் தொட்டுப் பார்த்த திருத்துநர் கம்பெனி தொடங்கியதிலிருந்து ஒருவரும் இல்லை.

அன்றிலிருந்து அவள் கண் கொழுந்தனை விட்டு நகரவில்லை. பார்க்கப் பார்க்கச் சந்தேகம் வளர்ந்தது. சட்டைப் பையில் கறுப்பு அட்டை போட்ட சின்ன நோட்டு ஒன்று வைத்திருந்தான். அவள் பக்கத்தில் வந்தால் அது சட்டென்று பைக்குள் போய்விடும். மதியம் எல்லாரும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் நேரத்தில் அவன் மட்டும் சரக்கறைக்கு இறங்குவான். வெளியே வந்தால் கையில் அலுமினியக் கறுப்பு. தெருவுக்கு எதிர்ச்சாரியில் இன்னொரு ஏணிக் கடை இருந்தது. போன மாதம் அவர்களும் ஒரு மடிப்பு ஏணி கொண்டு வந்திருந்தார்கள், அச்சில் வார்த்த மாதிரி அதே ஏணி.

“உங்க தம்பிக்கு எதிர்க் கடையில யாராவது பழக்கமா?” என்று கணவரைக் கேட்டாள்.

“அவனுக்கு எங்கிட்டயே பழக்கம் கம்மி.”

“விளையாடாதீங்க. நோட்டுல என்னமோ எழுதி எழுதி வைக்கிறான்.”

“கவிதையா இருக்கும். கல்யாணம் ஆகாத பையன்.”

“சரக்கறையிலயா கவிதை வரும்?”

“உனக்கு என் மேலயும் சந்தேகம், எங்க அம்மா வயித்துல பிறந்த எல்லார் மேலயும் சந்தேகம்” என்று அவர் எழுந்து போய்விட்டார்.

வியாழக்கிழமை அவள் வலை விரித்தாள். அப்பா புதுக் கணக்குப்பிள்ளையைச் சேர்த்தால் முதல் வாரமே பட்டியலில் வேண்டுமென்று ஒரு தப்பை நுழைத்து, அவன் கண்டுபிடிக்கிறானா, கண்டுபிடித்தால் வாயைத் திறக்கிறானா என்று பார்ப்பார். அவளும் அதையே செய்தாள். அலமாரி ஏணிக்கு ஒரு புதுப் பக்கம் வந்திருந்தது. ‘ஆறு படிகள்’ என்று எழுதியிருந்ததை ‘ஏழு படிகள்’ என்று மாற்றினாள். பக்கத்திலேயே ஏணியின் படம்; ஆறு படி பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றது. பார்வை மங்கியவர் எண்ணினாலும் ஏழு வராது. ஒப்புதலைத் தட்டி அனுப்பினாள்.

என்ஜினியர் நாளைக்கு இரண்டு வேளை ஒப்புதல் கொடுப்பவர். காலை பதினொன்று, மாலை நாலு, டீ வருகிற நேரம். நாலு மணி இரண்டு நிமிஷத்துக்கு அவர் பெயர் ஒட்டியது. நாலு ஐந்துக்கு வக்கீலம்மா. அந்த அம்மாள் எந்தப் பக்கமாக இருந்தாலும் கடைசியில் ‘கவனமாகப் பயன்படுத்தவும்’ என்று ஒரு வரி சேர்ப்பார். சேர்த்திருந்தார். ஆக, எண்ணத் தெரிந்த இரண்டு படித்த பேரைத் தாண்டி ஏழு படியும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

ஏழு என்றே வெளிவந்தால் அவளுக்கு மூன்றாவது புள்ளி. ஆறாக வந்தால் கை அகப்படும். எது வந்தாலும் நல்லதில்லை என்று தெரிந்தும் வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் நின்றுகொண்டே போனைத் திறந்தாள்.

ஆறு படிகள்.

மதியம் அவன் சரக்கறைக்கு இறங்கினான். பதினெட்டுப் படியும் அவள் அவன் பின்னாலேயே இறங்கினாள். சுவர் நெடுக ஏணிகள் சாய்ந்து நின்றன. அட்டைப் பெட்டி வாடை. அவன் ஒரு ஏணியின் முன்னால் குந்தி, அதன் காலில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டிருந்தான்.

“எதிர்க் கடைக்காரன் உன்னை எவ்வளவு நாளா வச்சிருக்கான் தம்பி?”

நோட்டு கீழே விழுந்தது. “அண்ணி! மெதுவா வரக் கூடாதா? ஏணி சரிஞ்சா நாம ரெண்டு பேரும் அடியில.”

“பேச்சை மாத்தாத. ஏழு எப்படி ஆறாச்சு?”

அவன் அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. “அது நீங்க வேணும்னு போட்டதா? நான்கூட அண்ணிக்குக் கண்ணாடி மாத்தணும்னு அண்ணன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்.”

“சிரிக்காத. ஐந்து பேர் பார்த்த பக்கத்தை மாத்த நீ யாரு?”

“ஐந்து பேர் பார்த்தாங்களா?” நோட்டை எடுத்துத் தூசியைத் தட்டினான். “உக்காருங்க அண்ணி. அந்தப் பெட்டி கனமானது, தாங்கும்.”

அவள் உட்காரவில்லை. அவன் சொன்னான். முதல் மாதம் ஒரு பக்கத்தில் பிழை இருந்தது; சட்டப்படி திருப்பி அனுப்பினான். எல்லாருக்கும் புள்ளி விழுந்தது, அவளுக்கும்தான். “அன்னைக்கு வீட்டுக்கு வந்து என்ன சொன்னீங்க? ‘நான் வாங்கிக் கொடுத்த நாற்காலியில உக்காந்து என் காலையே வாருறியா’ன்னு கேட்டீங்க. நாலு நாள் பேசலை. சாப்பாட்டுத் தட்டை டங்குன்னு வச்சுட்டுப் போனீங்க. ஞாபகம் இருக்கா?”

தட்டின் சத்தம் உட்பட ஞாபகம் இருந்தது. இரண்டு புள்ளிகளில் ஒன்று அது.

“அப்புறம் எதுக்குத் திருப்பி அனுப்பணும்? மதியம் கீழ வந்து ஏணியைப் பார்ப்பேன். தப்பா இருந்தா ஒட்டும்போதே சரி பண்ணிடுவேன். யாருக்கும் புள்ளி இல்ல, யாருக்கும் கோபம் இல்ல.”

“அப்போ நோட்டு எதுக்கு?”

அவன் நோட்டைப் பைக்குள் தள்ளப் பார்த்தான். அதில்தான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. “குடு இப்படி” என்று கையை நீட்டினாள். கொடுத்தான். தேதி, பக்கம், பழையது, புதியது, யார் பிழை என்று கோடு போட்டு வைத்திருந்தான். முப்பத்தொன்று. எழுதும் பெண்ணுக்கு ஒன்று, வக்கீலம்மாவுக்கு மூன்று, என்ஜினியருக்கு எட்டு. மீதி பத்தொன்பதும் சல்லடை. ‘பூட்டுக் கொக்கிகள் இரண்டும்’ ஐந்தாவது வரியில் இருந்தது.

“ஊருக்கு உபகாரம் பண்றவன் நோட்டு வைக்க மாட்டான்” என்றாள் அவள்.

“என்னைக்காவது எனக்கு ஆபத்துன்னா உதவும்னு எழுதி வச்சேன். இல்லைன்னு சொல்லலை.”

கொழுந்தன் மேல் முதல் தடவையாக அவளுக்கு ஒரு மரியாதை பிறந்தது. வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவன் என்று நினைத்திருந்தாள். இவனோ ஆபீஸையே கமுக்கமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறான். துணிக்கடையில் பிறந்தவளுக்கு அதற்கு மேல் செய்ய வேண்டியதைக் கற்றுத்தர வேண்டியதில்லை.

“என் பத்தொன்பதைக் கிழிச்சுக் குடு.”

“கிழிச்சா எனக்கு என்ன மிஞ்சும்?”

“நீ மாத்துறதை நான் பார்க்கலை. என் கண்ணு அவிஞ்சுபோச்சு. போதுமா?”

“பத்தை எடுத்துக்கங்க. ஒன்பது எங்கிட்ட இருக்கட்டும்.”

“அடப்பாவி, அண்ணிகிட்டயே பேரமா?”

“அண்ணியாச்சேன்னுதான் பத்து. என்ஜினியரா இருந்தா ஒண்ணுகூட கிடையாது.”

கடைசியில் பத்தொன்பதும் அவளுக்கு, மற்ற பன்னிரண்டும் அவனுக்கு என்று முடிந்தது. திங்கட்கிழமை கிழித்துத் தருவதாகச் சொன்னான். எண்ணாமல் சரக்கு எடுக்கிற வழக்கம் அவளிடம் இல்லை; அன்று மாலைவரை நோட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் சரக்கறையில் இருந்த ஏணிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். முப்பத்தொன்றும் பொருந்தின. தன்னுடைய பத்தொன்பதைச் சரிபார்க்கும்போது காது சூடாகியது என்னவோ உண்மை. ஆனால் நல்ல வியாபாரம் முடித்த நிம்மதியோடு வீட்டுக்குப் போனாள்.

சனிக்கிழமை காலையில் கணவர் ஏணியை வாசலுக்கு இழுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தரையில் பெரிய இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்று.

“மூணு தெரு தள்ளி ஒரு வீட்டுல பரண்ல ஏத்தணுமாம். தோள்ல வச்சுக்கிட்டு நானே ஏறிடுவேன்.”

“உங்க உடம்பே எண்பத்தாறு. அது ஒரு நாப்பது இருக்குமே?”

“கூட்டிப் பார்த்துட்டேன். நூத்து இருபத்தாறு. உங்க பக்கம் நூத்தம்பதுன்னு சொல்லுது. இன்னும் ஒரு சின்னப் பையனைக் கால்ல கட்டிக்கலாம்.”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, பழக்கதோஷத்தில், ஏணியின் காலில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள். சரக்கறை ஏணிகளில் அது வெள்ளித் தாள். இதில் நீலம். நீலத்தில் நூறு கிலோ என்று இருந்தது.

சிரிப்பு அப்படியே முகத்தில் காய்ந்தது. நோட்டின் இருபத்தேழாவது வரி கண் முன்னால் வந்தது: ‘மடிப்பு ஏணி, பழையது நூறு, புதியது நூற்றைம்பது, பிழை என்ஜினியர்.’ சரக்கறையில் இருப்பது போன மாதம் வந்த புது வரவு, கால் தடித்தது. இதுவரை விற்று வீடுகளில் நிற்பதெல்லாம் நீலத் தாள் ஏணி. பக்கம் அந்தப் பழைய ஏணியின் பக்கம். நாலு பேரும் சரியாகக் கொடுத்ததை, ஐந்தாவது ஆள் கீழே இறங்கிப் பார்த்து, தப்பாக்கியிருக்கிறான்.

“இறக்குங்க” என்றாள்.

“எதை?”

“பேட்டரியைத் தொடாதீங்க. தொட்டீங்கன்னா நான் நடுத்தெருவுல கத்துவேன்.” நீலத் தாளைத் தொட்டுக் காட்டினாள். அவர் குனிந்து படித்தார். படித்துவிட்டு நிமிர்ந்தார். ஏணியை மடித்துச் சுவரில் சாய்த்தார்.

ஆபீஸுக்குப் போகும் பஸ்ஸில் கொழுந்தனிடம் சொன்னாள். அவன் முகத்தில் ரத்தம் இல்லை. “இப்பவே மாத்திடுறேன் அண்ணி. ரெண்டு நிமிஷம். யாருக்கும் தெரியாது.” ஓடும் பஸ்ஸிலேயே போனில் மாற்றினான். நூறு.

“எத்தனை நாள் இருந்துச்சு?”

“இருபத்தாறு.”

“பக்கத்துலதான் மாறுச்சு. படிச்சவன் மனசுல இருக்கிற நூத்தம்பது?”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். அந்தப் பக்கத்தில் போன் நம்பரைக் கொடுத்தால், ஏணியை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு பயன்பாட்டுத் தாளைப் போனுக்கு அனுப்புவார்கள். இருபத்தாறு நாளில் தாள் வாங்கியவர்கள் அறுபத்து மூன்று பேர். அந்த எண்ணிக்கையை அவனே சொன்னான். கேட்காமலே சொன்னான் என்பதை அவள் கவனித்தாள்.

“சொன்னா உங்களுக்கு மூணாவது புள்ளி” என்றான் மெதுவாக. “நம்ம பேச்சு முடிஞ்சதுன்னு நினைச்சேன்.”

“உங்க அண்ணன் தோள்ல பேட்டரி இருந்திருக்கும்டா” என்றாள். அவன் பையிலிருந்த நோட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

ஆபீஸில் அவளே ஒரு அறிவிப்பு எழுதினாள். எழுதும் பெண்ணுக்குப் போனில் படித்துக் காட்டி, முதல் ஒப்புதலை வாங்கிக்கொண்டாள். மடிப்பு ஏணி தாங்கும் எடை நூறு கிலோ. இருபத்தாறு நாள் தப்பாக இருந்தது. நீலத் தாள் ஒட்டிய ஏணி வைத்திருப்பவர்கள் அதற்கு மேல் எடையோடு ஏற வேண்டாம். கீழே ஒரு வரி சேர்த்தாள்: ‘இந்தப் பக்கத்தை ஐந்து பேர் பார்த்தோம். ஒருவரும் ஏணியைப் பார்க்கவில்லை.’

தோளுக்கு மேலாகப் படித்த கொழுந்தன், “நான் பார்த்தேனே அண்ணி” என்றான்.

“வேற ஏணியைப் பார்த்த.”

“அதையாவது போடுங்க.”

நியாயம்தான் என்று பட்டது. ‘நான்கு பேர் ஏணியைப் பார்க்கவில்லை. ஒருவர் வேறு ஏணியைப் பார்த்தார்’ என்று திருத்தினாள். ஒப்புதலைத் தட்டினாள்.  மணி பத்து ஐம்பது.

என்ஜினியர் படித்தால் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார், வக்கீலம்மா படித்தால் மயங்கி விழுவார், அறிவிப்பு அங்கேயே செத்துவிடும் என்று அவளுக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. உண்மையைச் சொல்வதானால் ஒரு ஆசையும் இருந்தது. டீ வந்தது. பதினொன்று இரண்டுக்கு என்ஜினியரின் பெயர் ஒட்டியது. பதினொன்று ஐந்துக்கு வக்கீலம்மா. தாங்கள் ஏணியைப் பார்க்கவில்லை என்று நாலு பேர் ஒத்துக்கொண்ட வாக்குமூலத்துக்கு அடியில் ‘கவனமாகப் பயன்படுத்தவும்’ என்று ஒரு வரி சேர்ந்திருந்தது.

பொத்தான் அவளைப் பார்த்தான். “மாத்தாம ஒட்டவா?”

“ஒரு எழுத்துகூட மாத்தாத.”

அழுத்தினான்.

பன்னிரண்டு மணிக்கு முதலாளி மாடியேறி வந்தார். கையில் போன். எவனோ ஒரு வாடிக்கைக்காரன் கூப்பிட்டு, இவ்வளவு யோக்கியமான கம்பெனியை இப்போதுதான் பார்க்கிறேன் என்று பாராட்டியிருக்கிறான். அதில்தான் அவருக்குச் சந்தேகம் தட்டியிருக்கிறது. நேரே என்ஜினியரின் மேஜைக்குப் போனார்.

“இதுல உங்க பேர் இருக்கு. படிச்சீங்களா?”

“படிக்காம ஒப்புதல் கொடுப்பேனா சார்?”

“அப்போ நீங்க ஏணியைப் பார்க்கலைங்கிறது உங்களுக்குச் சம்மதம்.”

என்ஜினியர் போனை வாங்கிப் படித்தார். அந்த ஆபீஸில் அவர் ஒரு பக்கத்தை முழுதாகப் படித்து அன்றுதான் பார்த்தார்கள். வக்கீலம்மா கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தார்.

முதலாளி திரும்பினார். சல்லடை எழுந்து நின்றாள். நடந்ததையும் தாள் வாங்கிய அறுபத்து மூன்று பேரையும் சொல்லி, நோட்டை மேஜை மேல் வைத்தாள், முப்பத்தொன்றும் உள்ளபடி, ஒன்றும் கிழிக்காமல். அவர் புரட்டினார். அவள் பெயர் வரும் இடத்திலெல்லாம் நின்று நின்று புரட்டினார்.

“பத்தொன்பது” என்றார். “உன்னைச் சல்லடைன்னு யாரு சொன்னது?”

“ஆபீஸ்ல சொல்றாங்க சார்.”

“ஓட்டையை வச்சுச் சொல்லியிருப்பாங்க.” நோட்டை மூடினார். “புள்ளியெல்லாம் அப்புறம். அறுபத்து மூணு பேரும் தரையில பத்திரமா நிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியணும். ஒவ்வொருத்தரா கூப்பிடுங்க. அதுவரைக்கும் ரெண்டு பேரும் உங்க நாற்காலியில உக்காந்திருங்க. லிஸ்ட் முடிஞ்ச அன்னைக்கு என்கிட்ட வா, மூணாவது புள்ளியை நானே வைக்கிறேன்.”

அன்று தொடங்கியது. அவள் கூப்பிட, அவன் குறித்துக்கொண்டான். பெரும்பாலோர் சரி சரி என்றார்கள். ஒரு கட்டட மேஸ்திரி, “நூத்தம்பதுன்னு சொன்னப்பவே நான் நம்பலைம்மா, ஏணிக்காரன் எவன் உண்மை சொல்லியிருக்கான்” என்றார். ஒரு பெயிண்டர், பெயிண்ட் டப்பாக்களோடு ஏறும்போது படி வளைந்து குதித்துவிட்டாராம், முழங்கால் சிராய்ப்பு. கால் மணி நேரம் திட்டினார். குறுக்கே பேசாமல் முழுதும் கேட்டாள். புது ஏணி அனுப்புவதாக முதலாளியிடம் எழுதி வாங்கிச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை மாலைக்குள் அறுபத்தொன்று முடிந்தது. மிச்சம் இரண்டு நம்பர். ஒன்று மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொன்று அணைத்து வைக்கப்பட்டிருந்தது. எட்டு முறை கூப்பிட்டாயிற்று.

கொழுந்தன் பேனாவை மூடினான். குரலைத் தாழ்த்தினான். “அண்ணி, லிஸ்ட் முடியுற வரைக்கும்தானே நாற்காலின்னாரு?”

“ஆமா.”

“இந்த ரெண்டும் எடுக்க மாட்டேங்குது. நாம என்ன பண்ண முடியும்? தினமும் ஒரு தடவை கூப்பிட்டு, எடுக்கலைன்னு எழுதி வைக்கலாம். மாசக்கணக்கா ஓடும்.”

அவள் அவனையே பார்த்தாள். நல்ல யோசனை. தன் தலைக்குள் மதியத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்த அதே யோசனை. இவன் எப்போதிலிருந்து தன்னை மாதிரி யோசிக்க ஆரம்பித்தான் என்று ஒரு சந்தேகம் வந்தது.

“அந்த ரெண்டு வீட்டுலயும் நீலத் தாளா வெள்ளித் தாளா?”

“தெரியலை.”

“விலாசம் இருக்கா?”

“ஒண்ணுக்கு இருக்கு. பஸ்ல ஒரு மணி நேரம்.”

அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். ஒரு கையால் அணைத்து வைத்த நம்பரை மறுபடி தட்டி, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, மறு கையால் நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். கடைசிப் பக்கத்தில் எழுதினாள்:

பயன்பாட்டுத் தாள் வாங்கியவர்கள் 63.
பேசி முடித்தது 61.
பாக்கி 2.